புதிய வன்தட்டும் துயிலெழுப்பும் முறையும்

பழைய வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் புதிய வீட்டிற்கு மாற்றிவிட்டுத் தலைவாயிலுக்குத் திறவுகோல் செய்ய மறந்தவன் நிலை என்னாகும்? பொருள்கள் உள்ளே இருக்கும். அவன் வெளியே நிற்பான். கணினியில் புதிதாகச் சேர்த்த வன்தட்டில் கோப்புகளை எல்லாம் படியெடுத்துவிட்டு, இனி அச்சமில்லை என்று இருப்போர் நிலையும் அதுவே. பழைய தட்டு பழுதுற்று நின்ற அன்றுதான், புதிய தட்டால் கணினியைத் துயிலெழுப்ப இயலாது என்னும் உண்மை வெளிப்படும்.

இதற்குக் காரணம் யாது? மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழிப்பது பயாஸ் என்னும் சிறு நிரல். அதற்குக் கோப்பு இன்னதென்று தெரியாது. தட்டின் முதற்கூறாகிய 512 பைட்டுகளை மட்டும் நினைவகத்தில் ஏற்றி, அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். அவற்றுள் முதல் 446 பைட்டுகள் எழுப்பும் நிரலுக்கு உரியன. அடுத்த 64 பைட்டுகள் தட்டின் பிரிவுகளைக் காட்டும் அட்டவணை. இறுதி 2 பைட்டுகள் முத்திரை. இம்முதற்கூறு கோப்பு முறைக்குப் புறம்பானது. ஆதலின் கோப்புகளைப் படியெடுக்கும்பொழுது அது உடன் வருவதில்லை.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது யூனிக்ஸ். அதன் வழியைப் பின்பற்றி 1991இல் தோன்றியது லினக்ஸ். லினக்ஸில் இவ்வெழுப்பும் பணியைப் பெரும்பாலும் கிரப் என்னும் நிரல் செய்கிறது. 446 பைட்டில் முழு நிரலும் அடங்காது. எனவே முதற்கூறில் உள்ள சிறு பகுதி பெரிய பகுதியை அழைக்கும். பெரிய பகுதி கோப்புகளைப் படித்துக் கருநிரலை ஏற்றும். காவலர் வாயிலைத் திறக்க, ஆசிரியர் வகுப்பைத் திறக்க, மாணவர் உள்ளே வருவது போன்ற ஒழுங்கு இது. ஒருவர் வாராவிடின் பள்ளி நடவாது.

இனிச் செய்முறை. முதலாவது, புதிய தட்டு எது என்பதை அளவும் மாதிரிப் பெயரும் கொண்டு உறுதி செய்தல் வேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி என்னும் பெயர்கள் இடம் மாறக்கூடும். ஓரெழுத்துப் பிழையால் பழைய தட்டே அழிந்துவிடும். இரண்டாவது, தட்டைப் பிரித்து, பிரிவில் கோப்பு முறை அமைத்தல். மூன்றாவது, கோப்புகளை உரிமையும் அனுமதியும் மாறாமல் படியெடுத்தல். நான்காவது, எஃப்எஸ்டேப் என்னும் கோப்பைத் திருத்துதல். ஒவ்வொரு பிரிவிற்கும் தனி அடையாள எண் உண்டு. படியெடுத்த கோப்பிலோ பழைய எண்ணே இருக்கும். ஐந்தாவது, சீரூட் என்னும் கட்டளையால் புதிய தட்டையே வேராகக் கொண்டு, கிரப்-இன்ஸ்டால் கட்டளையை இயக்குதல். இதனைப் பிரிவின் பெயருக்கன்றி முழுத் தட்டின் பெயருக்கே கொடுத்தல் வேண்டும். பின்னர் கிரப்பின் பட்டியலையும் புதிதாக ஆக்குதல் வேண்டும்.

இவை பயாஸ் வழிக் கணினிகளுக்கு உரியன. இன்றைய கணினிகள் பலவற்றில் உள்ள யூஇஎஃப்ஐ முறையோ முதற்கூறின் நிரலை நாடுவதில்லை. ஃபேட் முறையில் அமைந்த தனிப் பிரிவொன்றில் எழுப்பும் கோப்பைத் தேடும். அங்கே அப்பிரிவையும் புதிய தட்டில் அமைத்தாக வேண்டும்.

இறுதியாகச் செய்யத்தக்கது சோதனை. கணினியை நிறுத்திப் பழைய தட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கொண்டே எழுப்பிப் பார்த்தல் வேண்டும். பழைய தட்டு நலமாக இருக்கும் நாளில் தவறு தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். அது வீழ்ந்தபின் தெரிந்தால் வருந்துவதன்றி வேறு வழி அரிது.