‘ரைட் ஆஃப்’ என்றால் கடன் தீர்ந்ததா?

நெய்வேலியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு தாள்களோடு வந்தார். முதல் தாளில் அவருடைய வங்கிக் கடனுக்கு நேரே ‘ரைட் ஆஃப்’ என்றிருந்தது. தள்ளுபடி ஆகிவிட்டதென்று தவணை கட்டாமல் இருந்துவிட்டார். இரண்டாவது தாள், வட்டியோடு கட்டச் சொல்லி வந்த நோட்டீஸ்! "அண்ணாச்சி, இது என்ன நியாயம்?" என்றார்.

‘ரைட்’ என்றால் எழுது. ‘ஆஃப்’ என்றால் அப்பால். இரண்டும் சேர்ந்தால், வராது என்று கருதும் தொகையைப் பேரேட்டிலிருந்து நீக்கி நட்டத்தில் எழுதுவது என்று பொருள். நம் கணக்குப் புத்தகங்களில் இதைப் ‘போக்கெழுதுதல்’ என்பார்கள். கொடுத்தவர் தம் கணக்கைச் சரிசெய்கிறார். வாங்கியவர் கடன் அப்படியே நிற்கும்.

தள்ளுபடிக்கு ஆங்கிலத்தில் ‘வேவ்’ என்று வேறு சொல் உண்டு. 2021இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்ததே, அது இந்த வகை. அங்கே விவசாயி கட்ட வேண்டியதில்லை.

நம் கடைக்கு வருவோம். சம்பளத் தேதியை நம்பி நாம் கொடுக்கும் கடனில் சில பாக்கி வராது. முறையாகக் கணக்கு வைத்து வரி கட்டுவோர், முன்பே விற்பனை வருமானத்தில் காட்டிய அத்தொகையைப் போக்கெழுதினால் வருமான வரியில் கழித்துக் கொள்ளலாம். வராது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, கணக்கில் எழுதினாலே போதும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு பணம் வந்தால் அந்த ஆண்டு வருமானத்தில் காட்ட வேண்டும்.

சரக்கைப் போக்கெழுதும்போது கவனம் தேவை. மழையில் நனைந்த சர்க்கரை மூட்டையை நட்டமாக எழுதினால், அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியை ஜி.எஸ்.டி. சட்டப்படி திரும்பக் கட்ட வேண்டும்.

போக்கெழுதினாலும் நோட்டைக் கிழித்துவிடாதீர்கள். பொதுவாக, தவணை பேசாமல் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுத்தில் கையெழுத்திட்டால், அன்று முதல் மீண்டும் 3 ஆண்டு.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. ‘இவன் தேறமாட்டான்’ என்று ஒருவரை ஒதுக்குவதையும் ‘ரைட் ஆஃப்’ என்பார்கள். நான் போக்கெழுதிய ஒரு பாக்கியை, பணி ஓய்வு பெற்று ஊர் போனவர் ஆறு ஆண்டு கழித்துத் தேடி வந்து கொடுத்தார். கடனைப் போக்கெழுதலாம், ஆளைப் போக்கெழுத அவசரப்பட வேண்டாம்.

நண்பரை மறுநாளே வங்கிக்கு அனுப்பினேன். தவணை பேசி வந்திருக்கிறார்.