வெல்லெஸ்லி படித்த மூன்று கடிதங்கள்

மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ராயக்கோட்டைக்கு பைக்கிலேயே போய்விடலாம். 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை மைசூர் எல்லைக்குள் நுழைந்தது அந்தப் பக்கமாகத்தான். நம்ம ஊர் அடங்கிய பாராமகால், அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1792 உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியிருந்தது. அந்தப் படை ஏன் கிளம்பியது என்று தேடப் போய், மூன்று கடிதங்களில் மாட்டிக்கொண்டேன்.

முதல் கடிதம் 1798 செப்டம்பர் 20 தேதியிட்டது. எழுதியவர் ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் செலிம். அந்த வருஷம் ஜூலையில்தான் நெப்போலியன் எகிப்தில் இறங்கி, செலிமின் மாகாணத்தையே பிடித்திருந்தார். அதனால் செலிம் இப்போது ஆங்கிலேயர் பக்கம். "பிரெஞ்சுக்காரரை நம்பாதீர்கள், ஆங்கிலேயரோடு மோதாதீர்கள், குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசித் தீர்த்து வைக்கிறேன்" என்பதுதான் கடிதத்தின் சாரம்.

திப்புவுக்கு இது எப்படி இருந்திருக்கும்? இதே கான்ஸ்டான்டிநோபிளுக்கு 1786லேயே பெரிய தூதுக்குழுவை அனுப்பி, ஆங்கிலேயருக்கு எதிராகக் கூட்டு தேடியவர் அவர். போன பலர் திரும்பி வரவில்லை. கடைசியில் அங்கிருந்து அறிவுரை வருகிறது. கொண்டு வந்து சேர்ப்பது யார் தெரியுமா? எதிரியான கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி. 1799 ஜனவரி 16 அன்று, தன் கடிதத்தோடு சேர்த்து அனுப்பி வைக்கிறார்.

எங்க வேலையில் இதை 'மேன் இன் த மிடில்' என்போம். அனுப்புகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு எல்லாத்தையும் படிப்பான்.

இரண்டாவது கடிதம் அதே ஜனவரி கடைசியில் கெய்ரோவில் எழுதப்பட்டது. நெப்போலியன் அப்போது மன்னர் இல்லை, வெறும் தளபதி. ஆனால் எழுத்தில் ராஜ தோரணை. பெரும்படையோடு செங்கடல் கரைக்கு வந்துவிட்டேன், இங்கிலாந்தின் இரும்பு நுகத்திலிருந்து உங்களை விடுவிப்பேன், நம்பிக்கையான ஆளை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். மெக்கா ஷெரீப் மூலம் அனுப்பப்பட்ட அந்தக் கடிதம் செங்கடல் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. திப்பு அதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் என்ன? நைல் போரில் பிரெஞ்சுக் கப்பற்படை நொறுங்கி ஆறு மாசம் ஆகிவிட்டது. படையை ஏற்றிவரக் கப்பல் எங்கே?

மூன்றாவது, செலிமுக்குத் திப்புவின் பதில். தேதி 1799 பிப்ரவரி 10. பிரெஞ்சுக்காரர் உங்களுக்குப் பகை என்றால் எனக்கும் பகையே என்கிற மரியாதை ஒரு பக்கம். ஆங்கிலேயர் இந்தியாவில் செய்த அநியாயங்களின் பட்டியல் இன்னொரு பக்கம். ஆனால் ஹாரிஸுக்குப் புறப்படும் உத்தரவு பிப்ரவரி 3ஆம் தேதியே போய்விட்டது. செலிம் பேசித் தீர்ப்பதற்கு இடமே வைக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, அரண்மனையில் கிடைத்த காகிதங்களோடு இந்தப் பதிலும் ஆங்கிலத்தில் அச்சேறியது. போர் நியாயம்தான் என்று காட்ட கம்பெனிக்கு அவை உதவின.

இவையெல்லாம் மன்னர் தன் கைப்பட எழுதியவையா என்று கேட்கலாம். தமிழில் 'கையெழுத்து' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும்: எழுதிய எழுத்துக்கும், கடைசியில் போடுகிற ஒப்பத்துக்கும். பாரசீகத்தில் கடிதம் எழுதுவது முன்ஷிகளின் வேலை. சுல்தான் வாசகத்தைச் சொல்வார், ஒப்பம் போடுவார். போரை முடிவு செய்த கடிதங்களில் மன்னரின் கை பட்டது அவ்வளவுதான்.

திப்பு நிஜமாகவே தன் கையால் எழுதியது வேறொன்று: கனவுக் குறிப்பேடு. 37 கனவுகள். எதிரிகளை வெல்லும் கனவுகளும் அதில் உண்டு. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த அந்த நோட்டை, மே 4 அன்று அவர் இறந்த பிறகு, படுக்கையறையில் கண்டெடுத்தார்கள். கர்னல் கிர்க்பாட்ரிக் பார்த்து, சுல்தானின் எழுத்துதான் என்று அடையாளம் சொன்னார். அதுவும் லண்டன் போய்ச் சேர்ந்தது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.