விளக்கின் வெப்பமும் வாழைக் கன்றும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர் கட்டுரை)

சுருளிப்பட்டி என்றவுடன் திராட்சைப் பந்தலும் அருவியுமே பலர் நினைவுக்கு வரும். ஆயினும், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்கும் தனி இடமுண்டு. இன்று உழவர்கள் விரும்பி நடும் ‘ஜி9’ வாழைக் கன்று பெரும்பாலும் தாய் மரத்தின் பக்கக்கன்று அன்று. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் புட்டியில் குழல்விளக்கின் ஒளியில் வளர்ந்து வருவது. இதுவே திசு வளர்ப்பு முறை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். “காலேஜுல படிக்கிறயே, இந்த வாழைக்கண்ண நம்ம ஊர்லயே வளக்க முடியாதா?” என்று தந்தையார் கேட்டார். விடை தேடியபோது, வழியில் நிற்கும் தடைகளுள் ஒன்று விளக்கின் வெப்பமே என அறிந்தேன்.

புட்டியிலுள்ள தளிருக்கு நாள்தோறும் சுமார் 16 மணி நேர ஒளி வேண்டும். அறையின் வெப்பம் 25 டிகிரி செல்சியசை ஒட்டியே இருத்தல் வேண்டும். சிறிய அறையில் ஐந்து தட்டுகள் கொண்ட ஓர் அடுக்கு, தட்டுக்கு இரண்டு 40 வாட் குழல்விளக்குகள் என்று கொள்வோம். விளக்குகளுக்கு 400 வாட். சோக்குகளுக்குச் சுமார் 100 வாட். ஆக 500 வாட். இதில் ஒளியாக மாறும் பகுதியும் சுவரிலும் தட்டிலும் இலையிலும் பட்டு இறுதியில் வெப்பமாகவே முடிகிறது. ஆகவே மூடிய அறைக்குள் 500 வாட் மின்னடுப்பு எரிவதற்கு இது ஒப்பாகும்.

கீழ்த்தட்டின் விளக்கு மேல்தட்டுப் புட்டியின் அடியைச் சூடாக்கும். ஊடகத்தின் நீர் ஆவியாகி மூடியில் வேர்க்கும். ஈரம் மிகுந்தால் தளிர் கண்ணாடி போல் வெளிறி நலியும்.

சன்னலைத் திறந்து விசிறி வைத்தால் என்ன? வெளிக்காற்றில் பூஞ்சை வித்துகள் மிதக்கின்றன. புட்டியிலுள்ள சர்க்கரை அவற்றுக்கு விருந்தாகிவிடும். எனவே வெப்பத்தை வெளியேற்றுவதைவிட, அது அறைக்குள் பிறவாமல் தடுப்பதே அறிவுடைமை.

வழிகள் நான்கு:

1. சோக்குகளை அறைக்கு வெளியே பொருத்துதல். 100 வாட் வெப்பம் வெளியிலேயே நின்றுவிடும்.

2. விளக்குக்கும் அதற்கு மேலுள்ள தட்டுக்கும் இடையே காற்றோட்ட இடைவெளி விடுதல்.

3. நண்பகலை ‘இரவு’ ஆக்குதல். மாலை 6 மணி முதல் காலை 10 மணி வரை விளக்கெரித்து, வெயில் நேரத்தில் அணைத்து வைத்தால் குளிர்சாதனத்தின் சுமை குறையும்.

4. எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறுதல். நீல எல்.இ.டி. கண்டுபிடித்த அறிஞர் மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 20 வாட் எல்.இ.டி. குழல்கள் பத்துக்கு 200 வாட் போதும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 500 வாட் 16 மணி நேரம் எரிந்தால் 8 யூனிட். 200 வாட் எனில் 3.2 யூனிட் மட்டுமே. மேலும், மூன்று வாட் வெப்பத்தை நீக்கக் குளிர்சாதனம் ஏறத்தாழ ஒரு வாட் மின்சாரம் உண்ணும். அதாவது அறைக்குள் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் நாம் இருமுறை கட்டணம் செலுத்துகிறோம்: எரிப்பதற்கு ஒருமுறை, அதன் சூட்டைத் தணிப்பதற்கு மறுமுறை!

திசு வளர்ப்புக்குத் தூய்மையும் பயிற்சியும் முதலீடும் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், கடன் வாங்கிப் பெரிய குளிர்சாதனம் பொருத்துமுன் விளக்கைச் சீர்செய்தால், சிற்றூர் இளைஞனுக்கும் இத்தொழில் எட்டாக்கனி ஆகாது. தாவரவியலும் இயற்பியலும் கைகோத்தால் நம் வயலுக்கு வேண்டிய கன்று நம் ஊரிலேயே துளிர்க்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.