ஊர்ப்பெயரும் ஆய்வுச்சுருக்கமும்

பல்லாண்டு உழைத்துத் திரட்டிய செய்திகளாயினும், அவற்றை ஆய்வரங்கில் எடுத்துரைக்க விரும்புவோர் முதலில் ஒரு பக்க அளவில் எழுதித் தர வேண்டியது ஆய்வுச்சுருக்கம். எதைக் கூறப்போகிறார், எதனால் கூறுகிறார், கேட்போர்க்கு அதனால் என்ன பயன் என்பனவற்றை அச்சிறு பகுதி தெளிவுபடுத்த வேண்டும். அதனை எழுதும் முறையைச் சென்னையின் மேற்கே உள்ள ஓர் ஊரின் பெயர்வழியே விளக்குகிறது இப்பாடம்.

வரலாற்றறிஞர் கூடும் அவை

இந்தியாவில் வரலாற்றறிஞர்கள் ஆண்டுதோறும் கூடி ஆய்வுரை வழங்கும் மரபு 1935ஆம் ஆண்டு புனேயில் தொடங்கியது. 1938இல் அலகாபாத்தில் கூடியபோது அவ்வமைப்பு 'இந்திய வரலாற்றுப் பேரவை' என்னும் பெயரைப் பெற்றது. 1944இல் சென்னையிலும் 1945இல் அண்ணாமலை நகரிலும் அப்பேரவை கூடியது. தமிழக வரலாற்றுக்கெனத் 'தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை' 1993இல் தோன்றியது.

வரலாற்று மாநாட்டிற்கும் வரலாற்றுக் கல்வி மாநாட்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னது கடந்த காலத்தில் நிகழ்ந்தது யாது என்று வினவும். பின்னது அதனை மாணவர் எவ்வாறு கற்கின்றனர் என்றும் சேர்த்து வினவும். ஆகவே, பின்னதற்கு அனுப்பப்படும் சுருக்கத்தில் வரலாற்றுச் சான்றும் கற்பிக்கும் முறையும் ஒருங்கே இடம்பெற வேண்டும்.

பொருளிலிருந்து வினாவிற்கு

'அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டார வரலாறு' என்பது ஒரு பொருள், அது வினாவன்று. அவ்வட்டாரத்தில் சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில் உள்ளது. திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூவிருந்தவல்லி உள்ளது. 1960களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உள்ளது. இவை அனைத்தையும் பதினைந்து அல்லது இருபது மணித்துளி உரையில் அடக்க முயல்பவர், எதனையும் நிறுவ இயலாது. பெரும்பொருளைச் சான்றுகொண்டு விடை காணத்தக்க ஒரு வினாவாகச் சுருக்குவதே முதற்பணி.

ஆவடி: செவிவழிச் செய்தியும் சான்றும்

ஆவடி என்பது ஊர்ப்பெயரே அன்று. 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து உருவானது என்றொரு செய்தி பரவலாக வழங்குகிறது. பீரங்கி வண்டிகள் உருவாக்கப்படும் ஊராதலின், கேட்போர் அதனை எளிதில் நம்புவர்.

காலவரிசை இச்செய்தியைச் சோதிக்கிறது. ஆவடியில் திண்ணூர்தித் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. ஆனால், 1955 சனவரியில் யு.என். தேபர் தலைமையில் கூடிச் சமதர்மப் பாங்கான சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாக அறிவித்த காங்கிரசு மாநாடு, 'ஆவடி மாநாடு' என்றே பெயர் பெற்றது. தொழிற்சாலை தோன்றுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே ஊர்ப்பெயர் வழங்கியமையால், தொழிற்சாலையால் பெயர் வந்தது என்னும் கருத்து நிலைபெறாது.

எனினும், ஆய்வு இத்துடன் முடிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது ஆவடியில் படைத்துறைக் கிடங்கு இருந்தது. 'பெயர் அக்கிடங்கினால் வந்தது' என ஒருவர் மறுத்துரைக்கலாம். அம்மறுப்பினை 1955ஆம் ஆண்டுச் சான்றால் தீர்க்க இயலாது. போர் தொடங்கிய 1939க்கு முற்பட்ட ஆவணமே அதற்குத் தேவை. இங்குதான் கூர்மையான வினா பிறக்கிறது: '1939க்கு முற்பட்ட ஆவணங்களில் இவ்வூர் எப்பெயரால் குறிக்கப்பட்டுள்ளது?'

பழைய ஆவணத்தில் ஆவடி என்னும் பெயர் காணப்படின், முதலெழுத்து விளக்கம் முற்றிலும் தகரும். ஆனால், அப்பெயரின் பொருள் இன்னது என்பது அதனால் மெய்ப்பிக்கப்பட்டுவிடாது. ஒரு விளக்கம் பிழை என நிறுவுவது, மற்றொரு விளக்கம் சரி என நிறுவுவதாகாது. இவ்வரையறையை உணர்ந்து எழுதுவது ஆய்வாளரின் நேர்மையைக் காட்டும்.

சான்று தேடும் இடங்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திற்கும் வாலாசா சாலைக்கும் இடையே திறக்கப்பட்டது. அத்தடம் ஆவடி வழியாகவே செல்கிறது. ஆகவே, பழைய இருப்புப்பாதைக் கால அட்டவணைகளும் நில அளவை வரைபடங்களும் முதலில் நோக்கத்தக்கவை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் அரசு ஆவணங்களைத் தேடலாம். கன்னிமாரா நூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய நூல்களையும் இதழ்களையும் காணலாம். திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் உருவாயிற்று. எனவே முற்பட்ட ஆவணங்களைச் செங்கல்பட்டு மாவட்டப் பிரிவில் தேட வேண்டும். இதனை அறியாதவர், இருக்கும் சான்றையும் இல்லையென எண்ணித் திரும்ப நேரிடும்.

முதியோரின் வாய்மொழியும் சான்றே. அதனைப் பதிவு செய்யுமுன் அவர்தம் இசைவைப் பெறுதலும், கூறியவர் நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா எனக் குறித்துக்கொள்ளுதலும் இன்றியமையாதன.

மாதிரி ஆய்வுச்சுருக்கம்

தலைப்பு: ஊர்ப்பெயர்வழிச் சான்றாய்வு கற்பித்தல் – ஆவடி

'ஆவடி என்னும் பெயர் ஆங்கில முதலெழுத்துகளால் அமைந்தது என்னும் செவிவழிச் செய்தியை மாணவரே சோதித்தறியும் கற்பித்தல் முறையை இவ்வுரை முன்வைக்கிறது. தொழிற்சாலையின் தொடக்க ஆண்டும் 1955ஆம் ஆண்டு மாநாட்டுச் செய்திகளும் முதலில் ஒப்பிடப்படும். பின்னர், 1939க்கு முற்பட்ட வரைபடங்களிலும் கால அட்டவணைகளிலும் ஊர்ப்பெயர் தேடப்படும். மாணவர் தம் முடிவையும் அதற்குரிய சான்றையும் எழுத்தில் தருவர். பெயரின் சொற்பிறப்பு இவ்வுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பிற ஊர்களின் ஆசிரியர்களும் தத்தம் ஊர்ப்பெயருக்கு இம்முறையைக் கையாளலாம்.'

இச்சுருக்கத்தில் வினா, சான்று, முறை, எல்லை, பயன் ஆகிய ஐந்தும் அமைந்துள்ளன. இன்னும் கண்டறியப்படாத ஒன்று கண்டறியப்பட்டதாக இதில் கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது.

மதிப்பீடும் திருத்தமும்

பெறப்படும் சுருக்கங்களைத் துறை வல்லுநர் படித்துத் தேர்ந்தெடுப்பர். எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடும் முறை பல மாநாடுகளில் உண்டு. அம்முறையில் பதவியோ புகழோ துணைசெய்யாது; எழுத்தே பேசும். ஆதலின், அனுப்புமுன் சொல்லெல்லை, இறுதிநாள், மாநாட்டின் மையப்பொருள் ஆகியவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். துறை சாராத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் கூறச் செய்வதும் நற்பயன் தரும். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம். தேர்வு பெறாத சுருக்கம் வீணன்று. மதிப்பீட்டாளர் குறிப்புகளைக்கொண்டு திருத்தி, அடுத்த அரங்கிற்கு அனுப்பலாம்.

ஒரு செய்தியைப் பலர் சொல்வதால் அது வரலாறாகிவிடுவதில்லை. ஆவடியின் பெயரைத் தொழிற்சாலையோடு முடிச்சிட்டால், அதற்கு முன் அங்கு வாழ்ந்து உழுத மக்களின் காலம் நினைவிலிருந்து நீங்கிவிடும். சான்றினைத் தேடி அக்காலத்தை மீட்கும் பணி, தம் ஊர்ப்பெயர் எப்போது முதன்முதலில் எழுதப்பட்டது என ஒரு மாணவர் வினவும் நாளில் தொடங்குகிறது.