பிள்ளைகள் வளரும் தெரு – 9: பால்வெட்டு நேரம்

பிள்ளைகள் மீதான கொடுமை பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். சட்டம் வாசலுக்கு வரும் முன்பே பிள்ளைக்கு அடி விழுந்துவிடுகிறது. அந்த அடிக்கு முன்னால் ஒரு வீட்டைச் சுற்றி என்னென்ன நடக்கிறது என்பதை இந்த வாரம் திற்பரப்பில் வைத்துப் பார்ப்போம்.

வெளியூர்க்காரர்களுக்குத் திற்பரப்பு என்றால் கோதையாற்று அருவியும் மகாதேவர் கோயிலும். அருவியைத் தாண்டிக் குலசேகரம் பக்கம் போனால் எங்கும் ரப்பர்தான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியலுக்கு முன்பே வெட்டு தொடங்கிவிடும். நெற்றியில் ஹெட்லைட், கையில் வெட்டுக்கத்தி. மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிசெய்து, பாலெடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து ஷீட் அடிக்கும்வரை முதுகு நிமிராது. கணவனும் மனைவியும் சேர்ந்து போகிற வீடுகளில் பத்து வயது அக்காள்தான் மூன்று வயதுத் தம்பிக்கு அம்மா. அங்கன்வாடி திறக்க இன்னும் நேரம் கிடக்கிறது. தம்பி விழுந்தாலும் சோறு கரிந்தாலும், களைத்து வருகிற தாயின் கை அந்த அக்காள் முதுகில்தான் இறங்கும்.

ஐம்பது பெண்கள் வேலைபார்க்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். குமரி மாவட்டத்து ரப்பரில் பெரும்பகுதி சிறு விளைகள். ஒன்றிரண்டு ஏக்கர் விளையில் வெட்டுகிறவளுக்கு அந்தக் காப்பகம் எட்டவேயில்லை.

அடைமழையில் வெட்டு கிடையாது. இலையுதிர்ந்து தளிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சிலும் பல விளைகளில் கிடையாது. கூலி நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. அந்த நெருக்கடியும் பிள்ளை மேல்தான் இறங்குகிறது. சாராயமும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். இதற்காக ஏழைகள்தான் பிள்ளையை அடிக்கிறார்கள் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். வசதியான வீட்டிலும் அடி உண்டு. அங்கே மதில் உயரம், சத்தம் வெளியே வராது.

அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஏறக்குறைய ஒரே வருமானமுள்ள இரண்டு குடியிருப்புகளை ஜேம்ஸ் கார்பரினோவும் டெபோரா ஷெர்மனும் ஒப்பிட்டு 1980-ல் எழுதினார்கள். ஒன்றில் பிள்ளைகள் மீதான கொடுமை மற்றதைவிட மிக அதிகம். அங்கே தாய்மார்களுக்கு அயலாரின் ஒத்தாசை குறைவு. கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆள் கேட்க முடியாத நிலை. இது திற்பரப்புக்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது. "அவிய பிள்ளைய அவிய அடிக்கியாவ, நமக்கு என்னத்துக்கு?" என்று அயல்வீடு ஒதுங்கும்போது அந்தப் பிள்ளைக்கு ஊரே இல்லாமல் போகிறது.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம், அழைக்கத்தான் வேண்டும். பாலியல் கொடுமை என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012-ம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் காயம் பட்ட பிறகு வரும் உதவி அது. காயத்துக்கு முன்னால் செய்யக்கூடியது பக்கத்து வீட்டில் இருக்கிறது. அன்பியக் கூட்டமும் ஜெபக்கூட்டமும் சுயஉதவிக் குழுவும் கூடுகிற ஊர்கள் இவை. தவணைக் கணக்கு முடிந்ததும், எந்தெந்த வீட்டில் விடியலில் பெரியவர்கள் இல்லை என்று பத்து நிமிடம் பேசலாம். அந்த வீட்டு வரிசையிலேயே ஒரு பாட்டியம்மையிடம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை விடலாம். அவருக்கு ஒரு தொகையும் கொடுக்க வேண்டும், சும்மா வேலைவாங்கக் கூடாது. 2009-ல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் ஊர்தோறும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. அந்தக் குழுவில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இடம் ஒதுக்கியது. அந்த அக்காளை அதில் உட்காரவைத்துக் கேளுங்கள். வெட்டு நடக்கும் மாதங்களில் அங்கன்வாடியை விடியலிலேயே திறப்பதற்கான தீர்மானத்தைப் பேரூராட்சிக் கூட்டத்தில் வார்டு உறுப்பினர்கள் கொண்டுவரட்டும்.

(அடுத்த வாரம்: அண்டியாபீஸ் வீடுகள்)