பூட்டிய கணக்கும் தொலைந்த எண்ணும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை வேளையில், தாயும் மகளுமாக இருவர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். மகள் செவிலியர் படிப்பை முடித்து, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிபவள். அயல்நாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்விற்கான அழைப்பு அவளுடைய மின்னஞ்சலுக்கு வரவேண்டும். மின்னஞ்சல் கணக்கோ பூட்டப்பட்டுக் கிடந்தது. "சாமி, இது என் பிள்ளையுடைய கணக்குத்தான் என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதாதா?" என்று தாய் கேட்டார்.

கேள்வியில் தவறில்லை. பள்ளியில் சேர்க்க, விடுதியில் இடம் பெற, ஏன், தொலைந்த சான்றிதழுக்குப் படி வாங்கக்கூடப் பங்குத் தந்தையின் கடிதம் உதவிய காலம் ஒன்று உண்டு. கடிதம் எழுத எனக்குத் தடையும் இல்லை. ஆனால் யாருக்கு எழுதுவது? அந்தக் கணக்கை நடத்தும் நிறுவனத்திற்கு நம் ஊரில் அலுவலகம் இல்லை. மனுவை வாங்கிப் படிக்கும் எழுத்தரும் இல்லை. கதவைக் காப்பது ஓர் இயந்திரம். அதற்குத் தாயின் கண்ணீரும் தெரியாது, என் கையெழுத்தும் தெரியாது.

கணக்கு பூட்டப்பட்ட கதையைக் கேட்டறிந்தேன். பிளஸ் டூ முடித்தபோது கல்லூரி விண்ணப்பத்திற்காக ஓர் இன்டர்நெட் சென்டரில் தொடங்கிய கணக்கு அது. தொடர்பு எண்ணாகத் தந்தையின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தனர். மாற்று மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்று கணினி கேட்க, கடைக்காரர் தம்முடைய முகவரியையே தட்டிவிட்டார். அந்தக் கடை மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. தந்தையும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனார். அவருடைய கைப்பேசியைத் துடைத்துப் பீரோவில் வைத்த குடும்பத்தாருக்கு அதற்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? மகளின் புதிய கைப்பேசி பேருந்தில் திருட்டுப் போகும்வரை இவை எவையும் அவளுக்கு நினைவில் இல்லை. வேறொரு கைப்பேசியில் உள்ளே நுழைய முயன்றபோது கடவுச்சொல் மறந்துவிட்டது. "ஓ.டி.பி. அனுப்பியுள்ளோம்" என்றது இயந்திரம். எங்கே? இறந்துபோன தந்தையின் எண்ணுக்கு!

ஈண்டு ஒரு விதியை அறிந்துகொள்வது நலம். இந்தியாவில் தொடர்ந்து 90 நாட்கள் பயன்படுத்தப்படாத கைப்பேசி எண்ணைத் தொலைபேசி நிறுவனம் முடக்கிவிடலாம். முடக்கிய பின் குறைந்தது 90 நாட்கள் கழித்து அதே எண்ணை வேறொருவருக்கு வழங்கலாம். ஆறு மாதம் கவனியாமல் விட்டால் நம் எண் அயலாருக்குச் சொந்தமாகக்கூடும் என்பது இதன் பொருள். இவர்களுக்கும் அதுவே நேர்ந்தது. அந்த எண்ணை அழைத்தபோது வேறு மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் எடுத்திருக்கிறார். மகள் நிலைமையைச் சொல்லி, வரும் எண்ணைப் படித்துக் காட்டுமாறு கெஞ்சியிருக்கிறாள். அவர் மறுத்துவிட்டார். தாய்க்கு அதில் மிகுந்த வருத்தம். என்னைக் கேட்டால், அம்மனிதர் செய்தது சரியே. ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லாதீர்கள் என்று நாம்தான் ஊரெங்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் அதைக் கேட்டு நடந்தார். கணவரின் எண்ணில் அயலான் குரலைக் கேட்ட அத்தாயின் துயரம் வேறு. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வங்கிக் கணக்கில் சிக்கல் என்றால் பாஸ்புக்கும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகலாம். ஆதாரில் பதிந்த கைப்பேசி எண் போய்விட்டால், ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் புதிய எண்ணைப் பதியலாம். அங்கெல்லாம் நம் உடலே சாட்சி. மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கும்போதோ நாம் கைரேகையும் கொடுக்கவில்லை, அடையாள அட்டையும் காட்டவில்லை. பின்னர் "நான் நானேதான்" என்று சொன்னால் இயந்திரம் எதைக் கொண்டு ஒப்பிடும்? முன்பு நாம் கொடுத்த எண், முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றோடு, எந்தக் கருவியில் எந்த இடத்திலிருந்து வழக்கமாக வந்தோம் என்பதையும் ஒப்பிடுகிறது. முதல் மூன்றும் தோற்றால் எஞ்சியிருப்பது பின்னதே. பலர் இதை அறியாமல், நண்பரின் கைப்பேசியிலும் கடைக் கணினியிலும் மாறி மாறி முயன்று, இயந்திரத்தின் ஐயத்தை மேலும் வளர்த்துவிடுகின்றனர். இப்பெண்ணும் விடுதித் தோழியர் மூவரின் கைப்பேசிகளில் முயன்றிருந்தாள்.

நம் வீடுகளில் பரவலாக இருக்கும் கூகுள் கணக்கை எடுத்துக்கொள்வோம். கணக்கை மீட்க முயல்வோருக்கு அந்நிறுவனமே கூறும் அறிவுரை இது: வழக்கமாகப் பயன்படுத்திய கைப்பேசி அல்லது கணினியில், வழக்கமான பிரௌசரில், வழக்கமாக இருக்கும் இடமாகிய வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ முயலுங்கள். கேள்விகளை இயன்றவரை விட்டுவிடாதீர்கள். உறுதியில்லாவிடினும் நினைவுக்கு எட்டியதைச் சொல்லுங்கள். கடைசியாகப் பயன்படுத்திய கடவுச்சொல் மறந்திருந்தால் அதற்கு முந்தியதைத் தாருங்கள். தவறான ஊகத்திற்காக அங்கேயே வெளியே தள்ளிவிடமாட்டார்கள். மீட்பு எண்ணை அண்மையில் எவரேனும் மாற்றியிருந்தால், பழைய எண்ணுக்கே குறியீடு பெறும் வாய்ப்பு ஏழு நாட்கள்வரை கிடைக்கக்கூடும். ஆகையால், கணக்கு திருடப்பட்டது என்று தெரிந்தவுடன் முயலுதல் வேண்டும். காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கவும் வேண்டும். அந்தக் காலத்தில், கணக்குக்கு உண்மையான உரிமையாளர் வேறொருவர் இருப்பின் அவர் எச்சரிக்கை பெற்றுத் தடுத்துவிட வழியுண்டு.

வாட்ஸ்அப்பின் முறை சற்று வேறு. அதன் ஆறு இலக்கப் பின் எண்ணை மறந்து, மின்னஞ்சலும் கொடுக்காதிருந்தால், ஏழு நாட்கள் பொறுத்த பிறகு புதிதாக அமைத்துக்கொள்ளலாம். ஆனால் கைப்பேசி எண் நம் கையில் இருந்தாக வேண்டும்.

எண் நம்முடையதாகவே இருந்து, சிம் மட்டும் தொலைந்திருந்தால் கவலை பாதிதான். அடையாள அட்டையோடு தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குச் சென்று அதே எண்ணுக்கு மாற்று சிம் பெறலாம். புதிய சிம் இயங்கத் தொடங்கிய பின் முதல் 24 மணி நேரத்திற்குக் குறுஞ்செய்திகள் நிறுத்தி வைக்கப்படும்; ஓ.டி.பி. வரவில்லையே என்று பதற வேண்டாம். இறந்தவரின் பெயரில் உள்ள எண்ணையும், அது முடக்கப்படுவதற்கு முன்னரே இறப்புச் சான்றிதழுடன் அணுகினால், வாரிசின் பெயருக்கு மாற்றித் தருவதுண்டு. நம் குடும்பங்களில் நீத்தார் கடன்களை ஒன்றுவிடாமல் செய்கிறோம். வாரிசுச் சான்றிதழ், வங்கி, குடும்ப அட்டை என்று வரிசையாக அலைகிறோம். கைப்பேசி எண்ணை மட்டும் மறந்துவிடுகிறோம்.

மகளிடம் பழைய கைப்பேசி ஏதும் வீட்டில் உண்டா என்று கேட்டேன். கண்ணாடி உடைந்த ஒன்று தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் கிடப்பதாகத் தாய் சொன்னார். விற்றால் ஐந்நூறு ரூபாய்கூடத் தேறாது என்பதால் விற்காமல் விட்டிருந்தார். அதை எடுத்து, பேட்டரி ஏறச் சற்று நேரம் விட்டு, அவர்கள் வீட்டிலிருந்தபடியே முயலச் சொன்னேன். விரிசல் விழுந்த திரையில் விரல் படாத இடங்கள் இருந்தனவாம்; பக்கவாட்டில் திருப்பித் திருப்பி எழுதினாளாம். பழைய கடவுச்சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. தம்பியின் மின்னஞ்சலைத் தொடர்புக்குக் கொடுத்தாள். "இரண்டு நாள் காத்திருக்கவும்" என்று பதில் வந்தது.

அந்த இரண்டு நாட்களில்தான் பெரிய ஆபத்து வந்தது. எப்படிப்பட்ட கணக்கையும் திறந்து தருவதாக ஒருவன் வாட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டு, மூவாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டிருக்கிறான். தம்பி அனுப்பவே துணிந்துவிட்டான். தாய் தடுத்ததால் பணம் தப்பியது. இத்தகைய சேவை தருவதாகக் கூறும் எவரோடும் தமக்குத் தொடர்பில்லை என்று கூகுள் நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்துள்ளது. பணத்தோடு கடவுச்சொல்லையும் பிடுங்கிக்கொள்வதே இவர்கள் தொழில். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

எல்லாருக்கும் கணக்கு திரும்பக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், அலுவலகத்தின் மின்னஞ்சல், எனக்கு முன்னிருந்த உதவியாளர் ஒருவரின் சொந்த எண்ணில் தொடங்கப்பட்டிருந்தது. அவர் எண்ணையும் மாற்றினார், ஊரையும் மாற்றினார். பழைய கணினியையோ நாங்களே எடைக்குப் போட்டுவிட்டோம். ஏழெட்டு முறை முயன்றும் பயனில்லை. ஆலய விழாப் படங்களும் நன்கொடையாளர் பட்டியலும் அதனுள்ளேயே போயின. கூகுள் கணக்காயின், இரண்டு ஆண்டுகள் எவரும் பயன்படுத்தாவிட்டால் அழிக்கப்படலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

கணக்கு திறந்திருக்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை அமைத்தால், எட்டு இலக்கம் கொண்ட பத்து மாற்றுக் குறியீடுகளைத் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை செல்லும். கைப்பேசியே இல்லாதபோதும் செல்லும். அவற்றைக் கைப்பேசியில் படமாக வைப்பதில் என்ன பயன்? வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலாகும். தாளில் எழுத வேண்டும். நம்பத்தக்க உறவினரை மீட்புத் தொடர்பாளராகக் குறித்துவைக்கும் வசதியையும் 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. தமக்குப் பின் கணக்கை யார் பார்க்கலாம் என்று முன்கூட்டியே குறிக்கும் ஏற்பாடு 2013 முதலே இருக்கிறது. பயன்படுத்துவோரை நான் அதிகம் கண்டதில்லை.

மூன்றாம் நாள் காலையில் தம்பியின் மின்னஞ்சலுக்கு இணைப்பு வந்தது, கணக்கு திறந்தது. நேர்முகத் தேர்விற்கான அழைப்பு வந்து ஆறு நாட்கள் ஆகியிருந்தன. பதில் அனுப்ப இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. அன்று மாலையே மகள் மாற்றுக் குறியீடுகளை எடுத்துத் தொலைபேசியில் வாசிக்க, தாய் அவற்றைத் தம் கையாலேயே எழுதி, நிலப் பத்திரமும் கணவரின் இறப்புச் சான்றிதழும் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்தார். ஆறாவது எண்ணில் ஓர் இலக்கம் ஒன்றா ஏழா என்று ஐயம் எழவே, இரவு பத்து மணிக்கு மீண்டும் மகளை அழைத்துச் சரிபார்த்துக்கொண்டாராம்.