திருப்பலி நடுவே நின்றுபோகும் திரை

1253-ஆம் ஆண்டு மறைந்த அசிசி நகர்ப் புனித கிளாரா, நோயினால் கோவிலுக்குச் செல்ல இயலாத ஒரு கிறிஸ்மஸ் இரவில், தம் அறையில் இருந்தவாறே திருப்பலி காணும் பேறு பெற்றார் என்பது மரபு. அதனாலேயே திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். அறிவிப்பு 1958-இல் வெளியாயிற்று. ஆனால் கிளாராவுக்கு வைஃபை தொல்லை இல்லை!

படுக்கையில் இருக்கும் எங்கள் தாயாரோ அத்தொல்லையைப் பல வாரங்கள் அனுபவித்தார்கள். எழுந்தேற்றத்தின்போது குருவின் கரங்கள் உயர்ந்தபடியே நின்றுவிடும். திரையில் ஒரு வட்டம் சுழலும். மீண்டும் படம் அசையும்போது நற்கருணை வழங்கத் தொடங்கியிருப்பார்கள். அம்மாவின் கண்கள் கலங்கும்.

இணைய நிறுவனத்தைக் குறைகூற விரைந்தோம். விரைந்தது தவறு. பழுது வெளியிலிருந்து வரும் கம்பியிலா, வீட்டினுள் காற்றில் செல்லும் அலையிலா என்று முதலில் அறிதல் வேண்டும். கைபேசியை ரூட்டரின் அருகே கொண்டுசென்று அதே ஒளிபரப்பைப் பாருங்கள். அங்குத் தடையின்றி ஓடி, அறையில் மட்டும் நின்றால், குற்றம் வீட்டினுள்ளேதான். தெளிவான படத்திற்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். ஆனால் அது இடையறாது வர வேண்டும்.

எங்கள் ரூட்டர் எங்கிருந்தது தெரியுமா? இரும்புப் பீரோவின் பின்னால்! கூடத்தின் அழகு கெடாதிருக்க அங்கே மறைத்து வைத்திருந்தோம். உலோகம் அலையைத் திருப்பிவிடும். கம்பி பதித்த கான்கிரீட் சுவரும் நீர்த்தொட்டியும் அதை நலிவிக்கும். வீட்டின் நடுவே, உயரமான திறந்த இடமே அதற்கு ஏற்றது.

மற்றொரு பகைவன் அடுக்களையில் இருந்தான். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது 2.45 கிகாஹெர்ட்சில், வைஃபையின் 2.4 அலைவரிசையும் அதே அண்டைதான். திருப்பலி நேரத்தில் இட்லியைச் சூடாக்கியவனே இக்கட்டுரையை எழுதுகிறேன் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 5 கிகாஹெர்ட்சுக்கு மாறினால் இத்தொல்லை நீங்கும். ஆயினும் சுவர்களைக் கடப்பதில் அது வலுக்குன்றியது. அண்டை வீடுகளின் வைஃபை நெருக்குமாயின், 2.4-இல் 1, 6, 11 ஆகிய தடங்களுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்.

அம்மாவின் அறைக்கு இடையே இரண்டு சுவர்கள். ஆதலால் பழைய அலைவரிசையிலேயே இருந்துகொண்டு, அடுப்புக்கு ஒரு மணி நேரம் ஓய்வளித்தோம். ரூட்டர் மாதா படத்தின் அருகே அலமாரியின்மேல் ஏறிற்று. கடந்த ஞாயிறு எழுந்தேற்றம் முழுவதையும் அம்மா கண்டார்கள். மறையுரைதான் சற்று நீளம் என்றார்கள்.